இல்லாத ஓர் ஆண்டு

ஆரணி
9.2.2025

இனியாவின் அப்பாவுக்கு,

கடிதம் என்றதும் பயப்பட வேண்டாம். அத்தை நன்றாக இருக்கிறார். இடுப்பு எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய் வருகிறார். குளிக்கவும் படுக்கவும்தான் ஆள் வேண்டும். இனியாவுக்கும் ஒன்றுமில்லை.

பொங்கலுக்கு நீங்கள் வந்து போனதிலிருந்து நாம் போனில் பேசுகிற நாலு வார்த்தையும் சண்டையாகத்தான் முடிகிறது. நான் தொடங்கினால் நீங்கள் குறுக்கே பேசுகிறீர்கள், நீங்கள் தொடங்கினால் நான் வைத்துவிடுகிறேன். இருப்பது ஒரே அறை. பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவதுபோலக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அருள்ராஜ் வந்திருந்தார். களம்பூர் ரைஸ் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே நம்மோடு பட்டுநூல் கடை மாடியில் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்தாரே, அவர்தான். அந்த விடையை எதிர்த்துச் சென்னையில் வழக்குப் போடப் போகிறார்களாம். அவரும் இன்னும் சிலரும் சேர்ந்திருக்கிறார்கள். என்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒரு தடவை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். கி.மு. 30 ஜனவரியில் பட்டத்துக்கு வந்த அரசன் கி.பி. 20 ஜனவரியில் இறந்தான், எத்தனை ஆண்டுகள் ஆண்டான் என்று கேட்டிருந்தார்கள். நான் 49 என்று குறித்தேன். நீங்கள் 50 என்று குறித்தீர்கள். அவர்கள் வெளியிட்ட விடை 50. முப்பதையும் இருபதையும் யாரும் அப்படித்தான் கூட்டுவார்கள். ஆனால் கி.மு. 1 டிசம்பர் முடிந்த மறுநாளே கி.பி. 1 ஜனவரி. நடுவில் பூஜ்யம் என்று ஓர் ஆண்டு கிடையாது. அதனால் கூட்டியதில் ஒன்றைக் கழிக்க வேண்டும்.

நம் பிரிவில் கடைசியாகத் தேர்வானவர் நீங்கள். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. நமக்கு நடுவில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. விடை 49 என்று ஆனால் உங்களுக்கு ஒன்று குறையும், எனக்கு ஒன்று கூடும். அப்போது நான் மேலே, நீங்கள் கீழே.

"நீங்கதான் டீச்சர் எங்களுக்கு இத்த சொல்லிக் குடுத்தீங்க. உங்க பேரு இல்லாம நாங்க போனா நல்லாவா இருக்கும்? ஜல்தியா சொல்லுங்க, மாசி முடியறதுக்குள்ள போட்டுடணும்" என்றார் அருள்ராஜ்.

செய்யட்டுமா என்று உங்களைக் கேட்கவில்லை. செய்யப்போகிறேன் என்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம், சாயங்கால வகுப்பு, அத்தை, சமையல் என்று ஒவ்வொரு நாளும் முடியும்போது எனக்கு எதையும் முடிவு செய்யத் தெம்பிருப்பதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான்.

அன்புச்செல்வி


மானாமதுரை
15.2.2025

செல்வி,

கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குத்தான் ஏதோ என்று நினைத்து, நின்றபடியே பிரித்துப் படித்தேன்.

நீ சொல்வது சரி, 49தான். மாடி வகுப்பில் நீ பலகையில் கோடு போட்டுக் காட்டியது எனக்கும் நினைவிருக்கிறது. தேர்வு அறையில் அவசரத்தில் கூட்டிவிட்டேன். ஆனால் இப்போது சரி தப்பைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? ஒரு வீட்டுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. நான் இன்னும் தகுதிகாண் பருவத்தில்தான் இருக்கிறேன். தீர்ப்பு மாறினால் மறுநாளே என்னைப் போகச் சொல்லிவிடுவார்கள். அந்த இடம் நேராக உன் கைக்கு வரும் என்று அருள்ராஜ் எழுதிக் கொடுப்பாரா? வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து, எனக்கும் இல்லாமல் உனக்கும் இல்லாமல் போனால் என்ன செய்வோம்? அதை யோசித்தாயா?

இங்கே எனக்கு ஒன்றும் சுகவாழ்வு இல்லை. அறைக்கு மூன்று பேர். ஒருவர் குறட்டை விடுகிறார், இன்னொருவர் விடியற்காலையிலேயே பாட்டுப் போட்டுவிடுகிறார். காட்சிக்கூடத்தில் நாளெல்லாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளையும் மணிகளையும் பள்ளிப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை.

இன்னொன்று. கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஓர் ஓட்டின் காலம் கி.மு. 580 என்று வந்திருந்தது. அட்டையில் "கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு" என்று எழுதி வைத்தேன். பார்க்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, "ஆறாம் நூற்றாண்டு இல்லீங்களா சார்?" என்று கேட்டாள். கி.பி. என்றால் ஒன்று கூட்டிச் சொல்ல வேண்டும் என்று தெரியும். கி.மு.வில் எண்கள் பின்னோக்கிப் போகின்றனவே, அங்கே குறைக்க வேண்டாமா? அதிகாரியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இளவரசன்


ஆரணி
21.2.2025

இனியாவின் அப்பாவுக்கு,

அந்தப் பெண் சொன்னது சரி. அட்டையை மாற்றிவிடுங்கள்.

கி.மு. 1 முதல் 100 வரை முதல் நூற்றாண்டு. 101 முதல் 200 வரை இரண்டாவது. இப்படியே பின்னால் போனால் 501 முதல் 600 வரை ஆறாவது. கி.பி.யில் எண்ணுவதுபோலத்தான், திசை மட்டும் வேறு. 600 என்று முழுசாக வந்தாலும் அது ஆறாம் நூற்றாண்டுதான், ஏழு ஆகாது. அதே நூற்றாண்டில் 580 முன்னால் வந்தது, 510 பின்னால் வந்தது. பெரிய எண்தான் பழையது. இதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "மிஸ், அந்தக் காலத்து ஆளுங்க வருசத்த கொறச்சிகினே வந்தாங்களா? அடுத்தது 579ன்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" வகுப்பே சிரித்தது. நல்ல கேள்வி என்றேன். அவர்களுக்கு அது கி.மு. என்றே தெரியாது. ரொம்ப காலம் கழித்து, இன்னொரு இடத்தில் நின்றுகொண்டு, யாரோ எண்ணினார்கள். எண்ணுகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

அதனால் நான் நிற்கிற இடத்திலிருந்தும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

விடையை ஆட்சேபிக்க ஒரு வாரம் கொடுத்தார்கள். அந்த வாரம் முழுவதும் நான் வேலூரில், ஆஸ்பத்திரியில், உங்கள் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கிடந்தேன். பள்ளிக்கூடத்தில் சம்பளம் பிடித்தார்கள். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து நிரப்ப ஆரம்பிக்கும்போதெல்லாம் "செல்வி, திருப்பிப் படுக்க வையி" என்று அத்தை கூப்பிடுவார். வலி அவருக்கு. நான் குறை சொல்லவில்லை. வாரம் முடிந்துவிட்டது.

பிறகு பட்டியல் வந்தது. நீங்கள் சேராமல் விட்டிருந்தால் அந்த வேலை காத்திருப்போர் பட்டியலில் முதலாக இருந்த எனக்கு வந்திருக்கும். அந்தப் பேச்சை நம் வீட்டில் யாராவது எடுத்தார்களா? உங்கள் சித்தப்பா சந்தவாசலிலிருந்து மாலை வாங்கிக்கொண்டு வந்தார். நான் கேசரி கிளறினேன். நானும் எடுக்கவில்லைதான்.

ஒரு வீட்டுக்கு ஒரு வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கிடைத்திருந்தாலும் அது இந்த வீட்டுக்குத்தானே வந்திருக்கும்? நான் மானாமதுரையில் அட்டை எழுதிக்கொண்டிருப்பேன், நீங்கள் ஆரணியில் அத்தைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருப்பீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத்தான் யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை சென்னைக்கு வரச் சொல்லி வக்கீல் தேதி கொடுத்திருக்கிறார். மார்ச் ஐந்து.

அன்புச்செல்வி


மானாமதுரை
27.2.2025

செல்வி,

அட்டையை மாற்றிவிட்டேன். நீ எழுதிய மற்றதற்குப் பதில் எழுத இந்தக் கடிதத்தை நாலு தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

அம்மா போன் செய்தாள். நீ சொன்னாயோ, அருள்ராஜ் பேசியதைக் கேட்டாளோ தெரியாது. "இன்னாடா இது, புருசன் வேலைய எடுக்கச் சொல்லி பொண்டாட்டி கோர்ட்டுக்குப் போவாளா? ஊருல சிரிக்க மாட்டாங்க?" என்றாள். "அவ போட்டது சரிம்மா, நான் போட்டதுதான் தப்பு" என்றேன். "சரி தப்பு இருக்கட்டும்டா, சோறு யாரு போடறா?" என்றாள். சோறு போடுவது நீதான் என்று அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அப்படித்தான் பேசுகிறோம்.

ஒன்று மட்டும் கேள். ஆறு வருஷமாக ஒவ்வொரு பட்டியல் வரும்போதும் என் எண்ணைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, டிராவல்ஸ் ஆபீசில் போய் டிக்கெட் போட உட்கார்ந்தவன் நான். அப்பா கடைசி வரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனார். இந்த வேலையைப் பார்க்க அவர் இல்லை. சேர்ந்த அன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் சும்மா நின்றேன். இனித் தேட வேண்டாம் என்று இருந்தது. மறுபடியும் அந்த வரிசையில் போய் நிற்க என்னால் முடியாது.

உனக்குத் திறமை இருக்கிறது. அடுத்த தேர்வில் நீ வந்துவிடுவாய். எனக்கு இனிமேல் வராது. இது நியாயமில்லை என்று எழுதும்போதே தெரிகிறது. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், கையெழுத்துப் போடாதே.

இளவரசன்


ஆரணி
6.3.2025

இனியாவின் அப்பாவுக்கு,

நேற்று சென்னைக்குப் போனேன். இனியாவையும் அத்தையையும் எதிர்வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். தறிச் சத்தம்கூட ஆரம்பிக்காத நேரம். அருள்ராஜும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள்.

வக்கீல் பெயர் சம்பந்தம். வயதானவர். பொறுமையாகக் கேட்டார். பல்கலைக்கழகப் புத்தகங்களில் பூஜ்ய ஆண்டு இல்லை என்று சொல்லும் பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா பண்ணியிருக்கியேம்மா. இதுவே போதும்" என்றார்.

"சார், ஏற்கெனவே வேலையில சேந்தவங்கள எடுத்துடுவாங்களா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா. எடுக்கவும் எடுக்கலாம், விட்டுடவும் விட்டுடலாம். ஜட்ஜ் கையில இருக்கு. ஏன், தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எங்க வூட்டுக்காரரு சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அருள்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவருக்கு அதற்குமேல் என்னை வற்புறுத்த மனசு வரவில்லை.

"அப்ப நீதான் யோசிச்சி சொல்லணும்" என்றார் வக்கீல்.

காகிதம் என் முன்னால்தான் இருந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் ஓரம் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. வேலை கிடைத்தால் என்ன ஆகும் என்று நான் நினைக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அதற்கப்புறம் கேட்க வேண்டிய பேச்சுகளை நினைத்தேன். அத்தையின் பேச்சு, சித்தப்பாவின் பேச்சு, உங்கள் கெஞ்சல், எங்கள் தெரு. அத்தனையையும் கேட்கத் தெம்பில்லை. நகல்களை அருள்ராஜிடமே கொடுத்துவிட்டேன். அவர்கள் வழக்குக்கு உதவட்டும்.

போடவில்லை. இதைத் தியாகம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. சோர்ந்துபோனேன்.

அன்புச்செல்வி


மானாமதுரை
12.3.2025

செல்வி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்றுத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். நன்றி என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும்.

இனியாவுக்குப் பனங்கற்கண்டு அனுப்பியிருக்கிறேன். சித்திரைக்கு வருகிறேன்.

இளவரசன்


மானாமதுரை
18.8.2025

செல்வி,

சித்திரைக்கு வந்தபோது நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்கப்புறம் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. போனில் "ம்", "சரி", "பாத்துக்கறேன்", அவ்வளவுதான். இதற்காவது பதில் எழுது.

தீர்ப்பு வந்துவிட்டது. அருள்ராஜ் நேற்றுப் போன் செய்தார். விடை 49 என்றே நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் பேசிக்கொண்டே போனார். வேலையில் சேர்ந்தவர்கள் யாரையும் எடுக்கக் கூடாதாம். வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டு, காலியாக இருக்கும் இடங்களில் அமர்த்த வேண்டுமாம். வழக்குக்கு வராதவர்கள் இனிமேல் வந்து கேட்க முடியாதாம்.

என் வேலை தப்பித்தது என்று மூச்சு விட்டேன். முதலில் அதுதான் வந்தது. அப்புறம்தான் அவர் சொன்னார்: "டீச்சர் பேரும் இருந்திருந்தா அவங்களுக்கும் வந்திருக்கும்ணே. உங்களுக்கும் ஒண்ணும் ஆயிருக்காது."

இரண்டு பேருக்குமே வேலை இருந்திருக்கும்.

இன்று காட்சிக்கூடத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். எதைக் கேட்டாலும் எனக்குக் காதில் விழவில்லை. அதிகாரி உடம்பு சரியில்லையா என்று கேட்டு உட்காரச் சொன்னார். நீ எப்படி இருக்கிறாய் செல்வி? உனக்கு இது முன்பே தெரியுமா? திட்டவாவது எழுது.

இளவரசன்


ஆரணி
26.8.2025

இனியாவின் அப்பாவுக்கு,

தெரியும். உங்களுக்குப் போன் செய்வதற்கு முன்னாலேயே அருள்ராஜ் இங்கே வந்து சொல்லிவிட்டார். ஸ்வீட் வாங்கி வந்திருந்தார், ஆனால் அதைக் கொடுக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நானே வாங்கி இனியாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, வாழ்த்துச் சொன்னேன். நான் தேடி எடுத்த பக்கங்களைத்தான் தீர்ப்பில் காட்டியிருக்கிறார்களாம். சந்தோஷம்தான். என் பெயர் மட்டும் இல்லை.

நான் அழவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கும் போனேன், சாயங்கால வகுப்பும் எடுத்தேன். வகுப்பில் ஒரு பெண், "டீச்சர், இனிமே பரீச்சையில தைரியமா நாப்பத்தொம்பதுன்னு போடலாம்ல?" என்று கேட்டாள். போடலாம் என்றேன்.

மூன்றாம் நாள் அத்தைக்குச் சோறு வைத்தபோது, தட்டைத் தொடாமல், "நான் அன்னிக்கி அவங்கிட்ட அப்பிடிப் பேசியிருக்கக் கூடாதுமா" என்றார்.

"விடுங்க அத்தை, சாப்புடுங்க."

"எங்கியாச்சும் போயி படி நீ. என்னை எம்புள்ளகிட்ட அனுப்பிடு. அவனும் பாக்கட்டும்" என்றார்.

அவர் சொன்னதற்காக மட்டும் இதை எழுதவில்லை. முன்பே நினைத்ததுதான். அவர் வாயால் வந்ததும் சொல்வதற்குச் சுலபமாகிவிட்டது. வேலூரில் பெண்களுக்கென்று ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. தங்குவதும் சாப்பாடும் அங்கேயே. அடுத்த தேர்வுக்கான வகுப்பு செப்டம்பர் பாதியில் தொடங்குகிறது. நுழைவுத் தேர்வு எழுதினேன், எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன்.

அத்தையையும் இனியாவையும் நீங்கள் அழைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அனுமதியைக் கேட்கவில்லை. அத்தைக்கு இந்தியக் கழிப்பறை ஆகாது, மேல்நாட்டு மாதிரி இருக்கிற வீடாகப் பாருங்கள். படி ஏற முடியாது. காலையில் வெந்நீர் வேண்டும். இனியா தயிர்ச்சோறு தவிர எதையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக மாட்டாள்.

கோபமா என்று கேட்டிருந்தீர்கள் போன கடிதம் ஒன்றில். இருக்கிறது. உங்கள் மேல் எவ்வளவு, என் மேல் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. எப்போது தீரும் என்றும் சொல்ல முடியாது.

அன்புச்செல்வி


மானாமதுரை
4.9.2025

செல்வி,

வீடு பார்த்துவிட்டேன். தரைத்தளம். நீ சொன்ன மாதிரிக் கழிப்பறை இருக்கிறது. வாடகை கொஞ்சம் அதிகம், பரவாயில்லை. பக்கத்திலேயே அரசுப் பள்ளி. இனியாவை நடுவருஷத்தில் சேர்க்கத் தலைமையாசிரியை முதலில் தயங்கினார், அப்புறம் மாற்றுச் சான்றிதழ் கொண்டு வரச் சொன்னார். வாங்கி வை.

காலையில் அம்மாவுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு வர அரை மணி தாமதமாகும் என்று அதிகாரியிடம் சொன்னேன். "வீட்டுல லேடீஸ் இல்லையா?" என்று கேட்டார். "இருக்காங்க சார், படிக்கப் போறாங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை.

சமைக்கக் கொஞ்சம் பழகியிருக்கிறேன். ரசம் வருகிறது. சாம்பார் இன்னும் வரவில்லை.

பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு வருகிறேன். உன்னை வேலூரில் இறக்கிவிட்டுப் போகட்டுமா? வேண்டாம் என்றால் சரி.

இளவரசன்


வேலூர்
22.9.2025

இனியாவின் அப்பாவுக்கு,

அன்றைக்கு வேன் திரும்பும்வரை இனியா கையசைத்துக்கொண்டே இருந்தாள். அத்தைதான் பார்க்கவில்லை, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நேற்று போனில், "அப்பா எனக்கு ரெட்டைச் சடை போட்டாங்க, ஒண்ணு மேல இருக்கு, ஒண்ணு கீழ இருக்கு" என்று சொன்னாள். பள்ளிக்கூடத்தில் யாரும் சிரிக்கவில்லையாம். அப்படியே போடுங்கள், பழகிவிடும். அத்தைக்கு இரவு மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்தான், முன்னால் கொடுத்துவிடாதீர்கள்.

இங்கே அறைக்கு நாலு கட்டில். மற்ற மூன்று பெண்களும் என்னைவிடச் சின்னவர்கள். வந்த அன்றே "அக்கா" என்று கூப்பிட்டு, கி.மு., கி.பி. கணக்கைச் சொல்லித் தரச் சொன்னார்கள். அப்புறம் என்றேன். வந்து சேர்ந்த முதல் வாரம் நான் ஒன்றும் படிக்கவில்லை. உங்களிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் வந்து படுப்பேன். சாப்பாட்டு மணி அடித்தால் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுப்பேன். இவ்வளவு தூக்கம் எனக்குள் இருந்தது என்று எனக்கே தெரியாது. வார்டன் அம்மா வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லியே, இன்னாம்மா உனக்கு?" என்றார். ஒன்றுமில்லை, தூங்குகிறேன் என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் தானாக விழிப்பு வந்தது. யாரும் கூப்பிடவில்லை. எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து, அந்தப் பெண்களிடம், "சரி, நோட்டை எடுங்க" என்றேன்.

அன்புச்செல்வி